அவிழாத படகு

எங்கள் வீட்டு யூ.பி.எஸ். போன வாரம் காரணமில்லாமல் கத்த ஆரம்பித்தது. கரண்ட் இருந்தது, மின்விசிறி ஓடியது, ஃபிரிட்ஜ் உறுமியது. இது மட்டும் மேஜைக்கு அடியில் கிடந்து கீங், கீங் என்று விட்டுவிட்டுக் கத்தியது. கடைக்காரரைக் கூப்பிட்டேன். "பேட்டரிக்கு வயசாயிருச்சு சார், வேற ஒண்ணுமில்ல" என்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சத்தம் நின்றுவிட்டது. எனக்குள் நிற்கவில்லை. சிலருக்குப் பல்லி சொன்னால் ஆகாது, சிலருக்குப் பூனை குறுக்கே போனால் ஆகாது. எனக்கு யூ.பி.எஸ். கத்தினால் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் நேராகச் சொல்ல வராது; நான் எதையுமே நேராகச் சொன்னதில்லை என்பது என் மனைவி வித்யாவின் நீண்டநாள் புகார்.

அவளுக்கு இன்னொரு புகாரும் உண்டு. அது என் கம்ப்யூட்டரில் கிடக்கும் விளையாட்டுகளைப் பற்றியது. சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் போட்டு எங்கள் அந்தமான் தீவுக்கு ஒழுங்கான இன்டர்நெட் வந்த பிறகு, காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதையாக, தள்ளுபடியில் கண்ணில் பட்ட வீடியோ கேமையெல்லாம் வாங்கிப் போட்டேன். ஆடித் தள்ளுபடியில் சேலை வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். அவர்களாவது வாங்கிய சேலையை என்றைக்காவது ஒருநாள் கட்டிவிடுகிறார்கள். நான் வாங்கியதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வித்யா ஒருநாள் அந்த வரிசையை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, "என்ன இது, ஊறுகாயா போட்டு வெச்சிருக்கீங்க?" என்றாள். இதையெல்லாம் முடிக்காமல் புதிதாக ஒன்றைத் தொட்டால் இணைப்பையே துண்டித்துவிடுவதாகவும் அறிவித்தாள். சொன்னால் செய்கிறவள். ஆகவே இந்த மழைக்காலம் முழுக்க, ஆபீஸ் விட்டு வந்ததும், எழுதாமல் விட்ட வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தவனைப் போல ஆடித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடித் தீர்த்த வகையில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டாகியிருக்கின்றன. யாரும் கேட்கவில்லை; அபிப்பிராயம் என்பதே கேட்காமல் வருவதுதான். முதலாவது, இந்தக் கதாநாயகர்களுக்குப் பொறுப்பு என்பது துளியும் கிடையாது. உலகம் அழியப் போகிறது, ஓடு என்று ராஜா சொல்லி அனுப்புவார். இவன் வழியில் எவளோ தொலைத்த கோழியைத் தேடிக் கொடுப்பான், பூசணிக்காய் பறிப்பான், கண்ட வீட்டுக்குள் நுழைந்து பானையையெல்லாம் உடைத்துப் பார்ப்பான். உலகமும் பாவம், இவன் வந்து சேரும்வரை அழியாமல் காத்திருக்கும். நிஜ உலகம் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. பேய் விளையாட்டுகளில் எல்லாரும் பேய்க்குப் பயப்படுவார்கள். எனக்கு, அவன் கையில் இருக்கும் டார்ச்சின் பேட்டரி தீர்ந்துபோவதுதான் பயம். அந்தமானில் வளர்ந்தவனுக்குக் கரண்ட் முதல், பேய் இரண்டாம்பட்சம். தண்ணீருக்கு அடியில் நீந்திப் போகச் சொல்லும் கட்டங்களை நான் ஆடுவதே இல்லை. மூச்சு குறைந்துகொண்டே வருவதை ஓரத்தில் ஒரு கோடாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. வித்யாவைக் கூப்பிட்டு அந்த இடத்தைத் தாண்டித் தரச் சொல்வேன். "ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பொழப்பு" என்று திட்டிக்கொண்டே தாண்டிக் கொடுப்பாள்.

ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றும் பாக்கியில் இருந்தது. மெயின்லேண்டில் இருக்கும் நண்பர்கள் கட்டிய ஊர்களின் படங்களைப் பார்த்தேன். கடலோரமாக வரிசையாக வீடு, ஓட்டல், பூங்கா. நான் கட்டிய ஊர் மலை உச்சியில் இருந்தது, கடலோரம் முழுக்கக் காலி. நல்ல நிலத்தை வீணாக்குகிறாய் என்று விளையாட்டே என்னைக் கண்டித்தது. சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவுகளில் வளர்ந்த யாரும் விளையாட்டுக்குக்கூடக் கடலோரம் வீடு கட்ட மாட்டோம் என்று அதற்கு யார் சொல்வது? சிப்பிகாட்டில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பெரிய ஏரி ஒன்று தெரியும். வருகிற விருந்தாளிகள் எல்லாம் அழகாக இருக்கிறது என்பார்கள். அது ஏரி இல்லை, நெல்வயல். சுனாமி அன்று நிலம் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. உள்ளே வந்த கடல் பிறகு வெளியே போகவில்லை. ஓதம் ஏறினால் ரோட்டின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இந்த மழைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஏறியிருக்கிறது. நான் ஆடும்போது அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

இப்படி எல்லாவற்றையும் தொட்டுவிட்டேன், ஒன்றைத் தவிர. ஒரு மனிதன், ஒரு சிறு படகு, நிறையத் தீவுகள். அவ்வளவுதான் அந்த விளையாட்டு. சண்டை கிடையாது, பேய் கிடையாது. மற்றதையெல்லாம் இத்தனை சிரத்தையாக ஆடியதே அதை ஆடாமல் தள்ளிப்போடத்தானோ என்று எனக்கே சந்தேகம்.

அதைச் சொல்ல, கேபிள் வராத காலத்துக்குப் போக வேண்டும். அப்போதும் இன்டர்நெட் இருந்தது, சேட்டிலைட்டில் வந்தது. ஒரு போட்டோ திறப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். போர்ட் பிளேயரில் பஜார் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். (இப்போது ஊருக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். போர்டு மாறிவிட்டது, எங்கள் வாய் மாறவில்லை.) அந்த நாளில் எங்களுக்கு வீடியோ கேம் கப்பலில் வந்தது. வெங்காயம், சிமென்ட் போல அதுவும் மெயின்லேண்ட் சரக்கு. சென்னைக் கப்பலின் சமையல்கட்டில் வேலை பார்த்த முரளி அண்ணன், அங்கே கிடைத்ததையெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றிக்கொண்டு வருவார். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களுக்குள் நாங்கள் நகல் எடுத்துக்கொண்டு டிஸ்கைத் திருப்பித் தந்துவிட வேண்டும். திருட்டு நகல்தான். அதற்கான கணக்கைச் சித்ரகுப்தன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒருவர் கம்ப்யூட்டரிலும் அத்தனைக்கும் இடம் இருக்காது. அதனால் பங்கு பிரித்துக்கொள்வோம். கார் பந்தயங்கள் என்னிடம். துப்பாக்கி வகையெல்லாம் தபனிடம். தபன் வங்காளி, எங்கள் கடையில் ரிப்பேர் பார்ப்பவன். என்னோடு ஹிந்தியும் தமிழும் கலந்து பேசுவான். கதை உள்ள விளையாட்டுகள் எல்லாம் கடலோர கிராமமான வண்டூரில் ரெக்சனிடம் இருக்கும். எதை ஆட வேண்டுமோ, அது இருக்கிற வீட்டுக்குப் போக வேண்டும். பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளதை ஆடி, ஆடியதையே மறுபடி ஆடி, அடுத்த கப்பல் எப்போது என்று வாயைப் பிளந்துகொண்டிருப்போம்.

ரெக்சன் குடும்பம் தூத்துக்குடிக் கடலோரத்திலிருந்து வந்து வண்டூரில் தங்கியது. அப்பா காலமாகிவிட்டார். அம்மா செலின், இவன், இன்ஜின் வைத்த ஒரு டிங்கிப் படகு, அதுதான் வீடு. டிஸ்குக்கு வாடகையாக முரளி அண்ணனுக்கு மீன் கொடுப்பது எங்கள் கூட்டத்தில் ரெக்சன் பொறுப்பு. கையில் ஒரு சீலா மீன் தொங்காமல் அவன் துறைமுகத்துக்கு வந்ததில்லை. மீனைக் கொடுத்த கையாலேயே டிஸ்கை வாங்குவான். இன்றைக்கும் புது விளையாட்டு என்றால் எனக்கு மீன் வாடையும் டீசலும்தான் மூக்கில் ஏறும். இப்போது டவுன்லோடில் வருகிறவற்றுக்கு ஒரு வாசனையும் இல்லை.

அந்த டிஸ்கில் வருவதில் பாதி ரஷ்ய மொழியில் இருக்கும். எந்த ஊரிலிருந்து எந்த ஊர் போய் நகலாகி எங்களிடம் வந்ததோ. திருப்பிப் போட்ட ஆங்கில எழுத்துகள், நிலைக்கதவு மாதிரி ஒன்று, நண்டு மாதிரி ஒன்று. எங்களுக்கு அது எழுத்தாகவே படாது, படத்துக்குக் கீழே போட்ட பூவேலை என்று விட்டுவிடுவோம். ரெக்சன்தான் டப்பிங் கொடுப்பான். தாடி வைத்த ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தால், "ஏல, ஒங்க மாமன் வாங்கிட்டுப் போன ஐஸ் பெட்டிய எப்பல திருப்பித் தருவான்?" என்று கேட்பான். சிப்பாய் மண்டியிட்டால், "நாளைக்குத் தாரேன் மொதலாளி" என்பான். ஒரு முழுக் கதையை, நாயகியை நாயகனின் தங்கை என்று நினைத்தே ஆடி முடித்தோம். கடைசிக் காட்சியில் இருவரும் முத்தமிட்டபோது தபன் எழுந்து வெளியே போய்விட்டான். புரியாத வரி வந்து நின்றால் எங்களுக்கு ஒரே விதி: எல்லாப் பட்டனையும் அமுக்கு. எதிலாவது ஒன்றில் கதை நகரும்.

ரெக்சனுக்கு ஆகாதது விளையாட்டுகளில் வரும் மீன்பிடி. எந்த நாட்டுக்காரன் செய்த விளையாட்டானாலும் எங்கேயாவது ஒரு குளத்தைக் காட்டி மீன் பிடி என்பான். தூண்டிலைப் போட்டதும் மீன் மாட்டும். "போட்டதும் கடிக்கதுக்கு அது மீனா, கொசுவா?" என்று ரெக்சன் கொதிப்பான். காற்றைப் பார்க்கவில்லை, நீரோட்டம் பார்க்கவில்லை, இவனுக்கு எப்படி மீன் விழும் என்பான். அந்தப் படகு விளையாட்டு மட்டும் அவனுக்குப் பிடித்தது. "இதச் செஞ்சவன் கடலுக்குப் போயிருக்கான்ல. அல எப்பிடித் தூக்குது பாரு" என்று என்னை இழுத்து உட்கார வைத்துக் காட்டினான்.

அவன் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முன்பு ஒருமுறை, ஆள் இல்லாமல் எதற்கு ஓடுகிறது என்று செலின் அம்மா கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டார். ஆடியது அத்தனையும் போயிற்று. ரெக்சன் அன்று சாப்பிடவில்லை, பேசவில்லை. அதிலிருந்து, வெளியே போகும்போதெல்லாம், "யம்மா, அத அணைச்சிராத, இப்ப வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். அவரும் அந்த அறைக்குள் விளக்குமாற்றைக்கூட யோசித்துத்தான் கொண்டுபோவார்.

இனி ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது. காலையில் வண்டூர் வீடுகளில் ரேடியோ கப்பல் செய்தி சொல்லும். எந்தக் கப்பல் கிளம்பியது, எது வருகிறது, எது தாமதம். எங்கள் ஆட்கள் வானிலையையும் அதை வைத்துத்தான் பார்த்தார்கள். புயல் எச்சரிக்கை வாசித்தால், "போன தடவையும் இப்பிடித்தான் சொன்னான்" என்பார்கள். கப்பல் கிளம்பியது என்றால் நம்புவார்கள். அத்தனை ஜனத்தை ஏற்றிக்கொண்டு அவ்வளவு பெரிய கப்பல் கிளம்பியிருக்கிறது என்றால் கடல் சரியாகத்தானே இருக்கும்? என் அப்பா அப்படித்தான் சொல்வார், ஊரே அப்படித்தான் சொல்லும். சென்னையில் கிளம்பும் கப்பல் சென்னைக் கடலைப் பார்த்துத்தான் கிளம்புகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்று காலை சென்னைக் கப்பல் கிளம்பிவிட்டது என்று ரேடியோ சொன்னது. கொஞ்ச நேரத்தில் கடைக்கு ரெக்சன் போன் செய்தான்.

"ஏல, அந்தப் படகு வெளாட்டு இருக்குல்லா, அதுல மாட்டிக்கிட்டேன். பாலத்துல படகு கட்டிக் கெடக்கு, அவுழ மாட்டேங்கு. எல்லாப் பட்டனையும் அமுக்கியாச்சு."

"நெஜப் படகே வெச்சிருக்க. ஒனக்கே அவுக்கத் தெரியலையா?" என்றேன்.

"போல. கீழ என்னமோ எழுதிக் காட்டுதான், வேற ஒண்ணும் நடக்கல. கப்பல் கெளம்பிருச்சாம், கேட்டியா? அண்ணன் வாரதுக்குள்ள மீனு புடிச்சு ஐஸ்ல போடணும்லா. வலையப் பாத்துட்டு வந்துருதேன். சாயந்தரம் வா, ரெண்டு பேருமாப் பாப்போம்."

வானம் அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வெயில் அடித்தது, ஆனால் அந்த வெயிலில் மஞ்சள் கூடுதலாக இருந்தது. காக்கைச் சத்தமே இல்லை. வாசலில் நின்ற தபன், "மௌசம் டீக் நஹி லக் ரஹா யார்" என்றான், வானிலை சரியாகப் படவில்லையாம். பக்கத்துக் கடைக்காரர், "ஷிப் தோ நிகல் கயா" என்று பதில் சொன்னார். கப்பல்தான் கிளம்பிவிட்டதே. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மத்தியானம் காற்று திரும்பியது. புயல் எங்களுக்குத் தெற்கே, எங்கள் கடலிலேயே எழுந்து வந்திருந்தது. கிளம்பிய கப்பல் பாதி வழியில் திரும்பிவிட்டது என்று பிறகு ரேடியோ சொன்னது. அதைக் கேட்க ரெக்சன் கரையில் இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே தபனின் பைக்கில் வண்டூர் போனோம். வழியெல்லாம் தென்னை மட்டையும் தகரமும் கிடந்தன. ரெக்சன் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. செலின் அம்மா கடற்கரைக்கும் வீட்டுக்குமாக நடந்து நடந்து நனைந்திருந்தார். உள்ளறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மழை பெய்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு மரப்பாலம், அதில் கட்டிக்கிடக்கும் சிறு படகு, எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மனிதன். படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் புரியாத எழுத்தில் ஒரு வரி.

"அத அணைச்சிராதீங்க எய்யா" என்றார். "இப்ப வந்துருதேன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கரண்ட் போனது. மேஜைக்கு அடியிலிருந்து கீங் என்று முதல் சத்தம் வந்தது. திரை மட்டும் இருட்டில் எரிந்தது. யூ.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்று ரிப்பேர்காரனான தபனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவன் என்னைப் பார்த்தான். பிறகு மழைக்குள் ஓடினான். மாதா கோயில் ஹாலில் ஜெனரேட்டர் இருந்தது. பங்குச் சாமியாரிடம் அவன் என்ன சொல்லிக் கேட்டான் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து வேலிமேல் ஒயர் இழுத்துக்கொண்டு வந்தான், கூடவே நாலைந்து மீனவர்கள். அந்தச் சத்தம் நெருங்கி நெருங்கி ஒரே கத்தலாக மாறுகிற நேரத்தில் பிளக்கைச் சொருகினான். சத்தம் நின்றது. திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை இப்போது நினைத்தால் எனக்கே விசித்திரமாக இருக்கிறது. வெளியே தேடல் நடந்தது; காற்று அடங்கியதும் கப்பலும் விமானமும் போயின. முன்பு இப்படிப் போனவர்களில் சிலர் பர்மா பக்கம் ஒதுங்கி, மாதங்கள் கழித்துத் திரும்பி வந்ததுண்டு. அந்தப் பேச்சைத்தான் எல்லாரும் பிடித்துத் தொங்கினோம். உள்ளே நாங்கள் ஒரு கம்ப்யூட்டரைக் காவல் காத்தோம். கடலுக்குப் போக முடியாத படகுக்காரர்கள் இன்ஜினிலிருந்து டீசல் வடித்து ஜெனரேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் லாரி பேட்டரியைத் தோளில் தூக்கி வந்தார். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தேன். கீபோர்டைத் தொட யாரையும் விடவில்லை. எதற்காக இதைச் செய்கிறோம் என்று ஒருவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பு வந்திருக்கும். அல்லது வேறு ஏதாவது வந்திருக்கும். செலின் அம்மா அந்தத் திரைக்கு எதிரே முழங்காலிட்டுத்தான் ஜெபமாலை சொன்னார். அவர் முகத்தில் அந்த மழையின் வெளிச்சம் அசைந்தது.

ஊருக்குக் கரண்ட் திரும்பி வந்தது. இனி ஜெனரேட்டர் வேண்டாம், பயமில்லை என்று மூச்சு விட்டோம். மறுநாள் காலை, செலின் அம்மா எங்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது, திரை அணைந்தது. கத்தல் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. உப்புக் காற்றில் அரித்துப்போன பழைய பெட்டி, அத்தனை நாள் ஓய்வில்லாமல் ஓடிய களைப்பில் தானாகவே நின்றுவிட்டது.

"கரண்டு போயிருச்சா?" என்றார்.

"ஹாம்மா. லைட் சலா கயா" என்றான் தபன், ஆமாம், கரண்ட்தான் போய்விட்டது என்று.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கஞ்சியை ஊற்றி முடித்தார்.

கொஞ்ச நாளில் கப்பலும் வந்தது. முரளி அண்ணன் வண்டூர் வரைக்கும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். சட்டைப்பையில் டிஸ்க் இருந்தது. எடுக்கவே இல்லை. ரெக்சன் இன்றுவரை வரவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

தபனைப் பெட்டியைக் கழற்றச் சொல்லி, அதன் உள்ளிருந்த ஹார்டு டிஸ்கை மட்டும் செலின் அம்மா ஒரு துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "நீ வெச்சுக்க எய்யா. அந்த வெளாட்ட ஒருநா முடிச்சிட்டு எனக்குச் சொல்லு. அவன் அங்க நின்னு எங்க போவப் பாத்தான்னு எனக்குத் தெரியணும்." சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? டிஸ்க் பூஞ்சை பிடித்துச் செத்துப்போனது. தபன் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். கேபிள் வந்தது. அந்த விளையாட்டு தள்ளுபடியில் வந்தபோது நான்தான் வாங்கினேன், வாங்கிக் கடைசியில் போட்டு வைத்தேன். பயந்துதான். எதற்குப் பயந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை, யூ.பி.எஸ். புது பேட்டரியோடு ஒழுங்காக இருந்தபோது, அதைத் திறந்தேன். மத்தியானம், நல்ல மழை. வித்யா தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த மனிதனுக்கு ஒரு பெயரும், தேடிப் போக ஒரு அண்ணனும் இருப்பது தெரிந்தது. ரெக்சன் சொன்னது சரி, அலை நிஜமாகவே தூக்கியது. தீவு தீவாகப் போய், இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் அந்த மரப்பாலத்துக்கு வந்து சேர்ந்தேன். அதே படகு, அதே முதுகு, அதே மழை. அவிழ்ப்பதற்கான பட்டனை அமுக்கினேன். அவிழவில்லை. அடியில் ஒரு வரி வந்து நின்றது.

இந்தக் காற்றில் படகை அவிழ்க்காதே. வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படு. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ரெக்சன் இதை வாசிக்காமல்தான் எல்லாப் பட்டனையும் அமுக்கினான். அமுக்கிச் சலித்து எழுந்து, அவிழ்க்காதே என்று சொல்ல யாருமில்லாத படகை அவிழ்த்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகும் அந்த வரி அங்கேயே நின்றது. ஊரே டீசல் ஊற்றி அதை அணையாமல் காப்பாற்றியது. பெற்றவள் அதற்கு எதிரே முழங்காலிட்டாள். எங்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், வித்யா எழுந்துவிடக் கூடாதே என்று.

பிறகு அந்த மனிதனைத் திருப்பினேன். பாலத்திலிருந்து குடிசைக்கு மணலில் நீண்ட நடை. உள்ளே விளக்கு எரிந்தது. கட்டிலில் படுக்க வைத்தேன். திரை இருண்டது. விடிவதற்கு ஒரு பட்டனை அமுக்கச் சொல்லிக் காத்திருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் சாயந்தரம் வண்டூர் போனேன். சிப்பிகாட்டிலிருந்து ஒரே ரோடுதான். டீக்கடையில் ரேடியோ இருந்த பலகையில் வைஃபை பெட்டி உட்கார்ந்திருக்கிறது. படகு ஜெட்டி பக்கம் பையன்கள் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காமல் அவனையே விளையாட்டில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல் எப்போது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. காற்றைப் போனில் பார்க்கிறார்கள். நல்லதுதான், அந்தப் போன் அன்று இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

செலின் அம்மா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் அவர் நலம் விசாரிக்கவில்லை.

"முடிச்சிட்டியா எய்யா?"

"முடிக்கலம்மா. அவன் நின்ன எடத்தத் தாண்டிட்டேன்."

கை நிற்கவில்லை. ஓடு ஒரு பக்கம், இறால் ஒரு பக்கம் விழுந்துகொண்டிருந்தது. "கீழ ஒரு வரி இருந்துச்சே. அது என்னன்னு தெரிஞ்சுதா?"

வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டு வந்தது, இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று.

"ஒண்ணுமில்லம்மா. மழ பெய்யுதுன்னு போட்டிருக்கான்."

"அதான் பாத்தாலே தெரியுதே" என்றார். "பொறவு?"

"படகு அவுழாதும்மா. அவன் அங்கருந்து திரும்பி வீட்டுக்கு வந்துருவான். வந்து படுத்துருவான்."

கை நின்றது. கடல் பக்கம் பார்க்காமல், வீட்டுக்கு உள்ளே, இருட்டாகக் கிடந்த அந்த அறையின் பக்கம் பார்த்தார்.

"வந்துட்டானா?"

"வந்துட்டாம்மா. படுத்திருக்கான்."

"சரி" என்றார். "தூங்கட்டும். எழுப்பாத."

கப்பலுக்குக் காத்திருந்த கூட்டம் போய்விட்டது. டிஸ்கும் சீலா மீனும் ராஜாவுக்குத் தூத்துக்குடித் தமிழ் பேசிய குரலும் போய்விட்டன. கப்பல் கிளம்பினால் கடல் சரி என்ற நம்பிக்கையும் போய்விட்டது. என் பாக்கியும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. வித்யா வரிசையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணுதான இருக்கு, அதையும் முடிச்சிருங்களேன்" என்கிறாள். ஒரு பட்டனை அமுக்கினால் அந்தக் குடிசையில் விடிந்துவிடும், அவன் எழுந்து படகுக்குப் போய்விடுவான். நான் அமுக்கப் போவதில்லை.